மூன்று முறை பிடுங்கிப் போட்ட த்ராட்டில் கேபிள்

வீட்டில் நான் கட்டும் விமானத்தின் என்ஜினில் இரண்டு கார்புரேட்டர். இரண்டின் உறிஞ்சலையும் காட்டும் வாக்குவம் கேஜின் இரண்டு முட்களும் ஐடிலில், அதாவது என்ஜின் சும்மா ஓடும்போது, ஒன்றாக நின்றன. வேகத்தைக் கூட்டும் த்ராட்டில் லீவரை மெல்லத் தள்ளி நிமிடத்துக்கு 2500 சுற்றுக்குக் கொண்டுபோனேன். முட்கள் பிரிந்தன. 3000-இல் பேனல் முழுக்க நடுங்கியது. 3500 வரை ஏற்றிவிட்டு, அங்கிருந்து இறங்கி வந்து மறுபடி அதே 2500-இல் நிறுத்தினேன். இப்போது இரண்டு முட்களும் ஒன்றாக நின்றன. சுற்று அதேதான். ஏறி வரும்போது ஒரு கணக்கு, இறங்கி வரும்போது இன்னொரு கணக்கு.

கோளாறு பெட்ரோலைக் காற்றோடு கலந்து கொடுக்கும் கார்புரேட்டரில்தான் என்று முடிவு கட்டிவிட்டேன். இரண்டையும் கழற்றினேன். டயாஃப்ரத்தை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை இருக்கிறதா என்று பார்த்தேன். மிதவைகளைக் காரைக்குடியில் தெரிந்த நகைக்கடைக்கு எடுத்துப்போய்த் தராசில் வைத்தேன். ஒரு ஜோடி 7 கிராமுக்கு மேல் இருந்தால் பெட்ரோலை உறிஞ்சிவிட்டது என்று அர்த்தம். இரண்டு ஜோடியும் அதற்குள்தான் இருந்தன. ஒன்பது நாள் போனது. கார்புரேட்டரில் எந்தக் குறையும் இல்லை. கோளாறு த்ராட்டில் லீவரிலிருந்து கார்புரேட்டருக்கு நான் கேபிள் போட்ட வழியில் இருந்தது.

வீட்டில் விமானம் கட்டுகிறவர்கள் நம் பக்கம் குறைவுதான். அந்தச் சிலருக்கும், இனி கட்டப்போகிறவர்களுக்கும் இந்த ஒரு விஷயத்தை விளக்கமாகச் சொல்லிவிட வேண்டும் என்று எழுதுகிறேன். இறக்கைக்கு ரிவெட் அடிப்பதைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். கேபிளை எங்கே விடுவது என்பதைப் பற்றி யாரும் நின்று பேசுவதில்லை. நானும் அதைக் கடைசி வேலையாகத்தான் வைத்திருந்தேன்.

சிங்கப்பூரில் கப்பல் பழுதுபார்க்கும் தளத்தில் இருபது வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு ஊருக்கு வந்தவன் நான். பள்ளத்தூரில் எங்கள் பங்கு வீடு பூட்டியே கிடந்தது. பங்காளிகளிடம் கேட்டு, வீட்டின் நடுவே இருக்கும் வளவில் விமானத்தின் உடம்பைக் கட்ட அனுமதி வாங்கினேன். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வருகிற மாதத்தில் எல்லாவற்றையும் பின்கட்டுக்கு மாற்றிவிட வேண்டும், கல்தூணில் கயிறு கட்டக் கூடாது என்ற இரண்டு நிபந்தனைகளோடு. சின்ன வயதில் அப்பச்சி என்னை சைக்கிளில் வைத்து, செட்டிநாடு கால்நடைப் பண்ணைப் பக்கம் இருக்கும் இரண்டாம் உலகப் போர்க்கால ஓடுதளத்துக்குக் கூட்டிப்போவார்கள். வள்ளல் அழகப்பர் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டவர் என்று அங்கே வைத்துத்தான் சொன்னார்கள். ஆசை விழுந்த இடம் அது.

பிளான் வாங்கிக் கட்டுகிற, இறக்கை மேலே இருக்கும் இரண்டு இருக்கை விமானம். என்ஜின் ரோட்டாக்ஸ் 912, 80 குதிரைத்திறன். இந்த என்ஜினில் இரண்டு பிங் 64 கார்புரேட்டர்கள், இடது பக்க சிலிண்டர்களுக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. ஆக, த்ராட்டில் லீவர் ஒன்று, கேபிள் இரண்டு. இரண்டும் எப்போதும் ஒரே அளவு திறந்திருக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தாலே ஒரு பக்க சிலிண்டர்கள் இழுக்க, மறுபக்கம் சும்மா வரும். என்ஜின் அடித்துக்கொள்ளும். அந்த அடி கியர்பாக்ஸில் போய் இறங்கும். ஐடிலை 1400 சுற்றுக்குக் கீழே விடக் கூடாது என்று சொல்வதும் இதே கியர்பாக்ஸுக்காகத்தான்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பைக்கில் ஆக்சிலேட்டர் கேபிள் அறுந்தால் வண்டி ஐடிலுக்குப் போகும். ரோட்டாக்ஸில் நேர்மாறு. கார்புரேட்டர் லீவரில் இருக்கும் ஸ்பிரிங் அதை முழுசாகத் திறக்கிற பக்கம் இழுத்துக்கொண்டே இருக்கும். நாம் கேபிளை இழுத்து மூடுகிறோம். கேபிள் அறுந்தால் அந்தப் பக்கக் கார்புரேட்டர் முழுக்கத் திறந்துகொள்ளும். வானத்தில் என்ஜின் அடங்கிப்போவதைவிட முழு வேகத்தில் ஓடுவது மேல் என்பதால் இப்படிச் செய்திருக்கிறார்கள். ஆனால் தரையில் என்ஜினை ஓட்டிப் பார்க்கிறவர்கள் இதை மறக்கவே கூடாது. சக்கரத்துக்கு முட்டுக்கட்டை, வாலில் கயிறு, கைக்கு எட்டும் இடத்தில் இக்னிஷன் சுவிட்ச். இந்த மூன்றும் இல்லாமல் நான் ஸ்டார்ட்டரைத் தொடுவதில்லை.

முதல் முறை செய்த தப்புக்கு வருகிறேன். என்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே தீயைத் தடுக்க நிற்கும் சுவர்தான் ஃபயர்வால். அதில் ஆயில் டேங்கை மாட்டினேன், ரிலே, பெட்ரோல் ஃபில்டர், வோல்டேஜ் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் மாட்டினேன். அப்புறம் மிச்சமிருந்த இடத்தில் கேபிளுக்கு ஓட்டை போட்டேன். ஓட்டை இடது பக்கம் அமைந்தது. இடது கேபிள் ஏறக்குறைய நேராகப் போய்விட்டது. வலது கேபிள் பேனலுக்குப் பின்னால் ஒரு வளைவு, ஃபயர்வாலுக்குள் நுழைய ஒரு வளைவு, ஆயில் டேங்கைச் சுற்றி ஒரு வளைவு, கார்புரேட்டருக்கு ஏற ஒரு வளைவு என்று சுற்றிக்கொண்டு போனது. பார்க்க அழகாகவே இருந்தது. கிளாம்ப் எல்லாம் ஒரே வரிசை. வளைவுகளைக் கூட்டிப் பார்த்தால் வலது பக்கம் 300 டிகிரி, இடது பக்கம் 120.

அதனால் என்ன என்று கேட்பீர்கள். மஞ்சுவிரட்டு மாட்டைக் கட்டுத்தறியில் பிடித்து நிறுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இது உடனே விளங்கும். கயிற்றைத் தறியில் ஒரு சுற்று சுற்றினால் ஒரு ஆள் பிடித்துவிடலாம். இரண்டு சுற்று சுற்றினால் ஒரு பையன் போதும். தறி பருத்ததா மெலிந்ததா என்பது பெரிதில்லை, எத்தனை சுற்று என்பதுதான் கணக்கு. கேபிளிலும் அதே கதைதான். வளைவு பெரிதாக, மெதுவாக இருந்தால் உராய்வு குறைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். பெரிய வளைவு கேபிளை மடங்காமல், தேயாமல் காப்பாற்றும், அது உண்மை. ஆனால் உராய்வைத் தீர்மானிப்பது மொத்தம் எத்தனை டிகிரி திரும்புகிறது என்பது. அதுவும் கூட்டல் கணக்கில் ஏறாது, பெருக்கல் கணக்கில் ஏறும். உராய்வுக் கெழு 0.15 என்று வைத்துக்கொண்டால், அந்த முனையில் ஒரு கிலோ இழுவைக்கு இந்த முனையில் 90 டிகிரி வளைவில் 1.27 கிலோ இழுக்க வேண்டும், 180 டிகிரியில் 1.6, 360 டிகிரியில் 2.57. என் இடது கேபிளுக்கு 1.37 கிலோ. வலதுக்கு 2.2.

இது இழுக்கும்போது. விடும்போது இன்னும் மோசம். திறக்கும் வேலையை ஸ்பிரிங்தான் செய்கிறது. வலது பக்கத்தில் ஸ்பிரிங்கின் இழுவையில் பாதிக்கும் குறைவுதான் கேபினுக்குள் இருக்கும் முனைக்கு வந்து சேர்கிறது.

இதோடு இன்னொரு ஆட்டமும் சேர்ந்துகொள்கிறது. உள்ளே ஓடும் ஒயருக்கும் அதை மூடிய உறையான ஸ்லீவுக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி எப்போதும் இருக்கும். இழுக்கும்போது ஒயர் வளைவின் உள்பக்கத்தை ஒட்டிக்கொள்ளும். தளர்த்தும்போது வெளிப்பக்கம் நகரும். உள்வட்டத்தில் போனால் பாதை குறைவு, வெளிவட்டத்தில் போனால் அதிகம். அரை மில்லிமீட்டர் இடைவெளி, 300 டிகிரி வளைவு என்றால் இந்த வித்தியாசம் மட்டுமே இரண்டரை மில்லிமீட்டருக்கு மேல் வருகிறது. 120 டிகிரிக்கு ஒரு மில்லிமீட்டர்தான். என் கேஜ் முட்கள் ஏறும்போது பிரிந்து, இறங்கும்போது சேர்ந்ததற்குக் காரணம் இதுதான். ஐடிலில், அதாவது இழுத்து மூடிய நிலையில், நான் இரண்டையும் ஒன்றாக்கி வைத்திருந்தேன். தளர்த்தியவுடன் வலது கேபிள் அதன் ஆட்டத்தை முடித்த பிறகுதான் நகரத் தொடங்கியது.

இதைக் கண்டுபிடிக்க நான் செய்தது எளிய வேலை. இரண்டு கேபிளையும் கார்புரேட்டர் முனையில் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ படிக்கல்லைத் தொங்கவிட்டேன். கேபின் முனையில் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்தேன். கணக்கில் வந்த எண்களுக்குப் பக்கத்திலேயே தராசும் காட்டியது. இந்தச் சோதனைக்கு அரைமணி நேரம்கூட ஆகாது. என்ஜினை ஸ்டார்ட் செய்யும் முன்பே செய்திருக்கலாம். கேபிள் போடுகிற எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்பேன்.

ஆக, எல்லாவற்றையும் பிடுங்கினேன். எங்கள் வீட்டு முகப்பில் நின்றால் வாசல்கள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் அமைந்து பின்வாசல் வரை தெரியும். மற்ற அறைகளெல்லாம் அந்த வழியை மறிக்காமல் இரண்டு பக்கமும் ஒதுங்கி நிற்கும். தினமும் அதன் வழியாக நடந்துகொண்டே இருந்துவிட்டு, ஃபயர்வாலில் மட்டும் சாமான்களை முதலில் வைத்துவிட்டு வழியை அப்புறம் தேடியிருக்கிறேன். இந்த முறை கேபிளுக்கு வழியை முதலில் குறித்தேன். ஃபயர்வாலின் நடுவில், மேலாக, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. அங்கிருந்து இடதும் வலதும் ஒரே மாதிரி பிரிய வேண்டும். அதற்கு இடைஞ்சலாக இருந்த ரிலேயையும் ரெகுலேட்டரையும் கழற்றி ஓரத்துக்குக் கொண்டுபோனேன்.

நல்ல கேபிளை வைத்து அளவு பார்க்காதீர்கள். காரைக்குடியில் டூவீலர் மெக்கானிக் தம்பி ஒருவர் இருக்கிறார். அவர் கடையில் கழித்துப் போட்ட கிளட்ச் கேபிள் ஸ்லீவ்கள் நான்கைந்தை வாங்கி வந்து, டம்மியாக விட்டுப் பார்த்தேன். பிடிக்காத வழிக்கு ஸ்லீவே முரண்டு பிடித்துக் காட்டிவிடும். கையால் அமுக்கிப் பிடித்தால்தான் ஓர் இடத்தில் நிற்கிறது என்றால் அந்த வழி வேண்டாம். 15 சென்டிமீட்டர் ஆரத்துக்குக் குறைவாக எங்கும் வளைப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். கடைசியில் இரண்டு பக்கமும் ஏறக்குறைய 130 டிகிரி, இரண்டு கேபிளும் ஒரே நீளம். இடது பக்கத்துக்கு அவ்வளவு நீளம் தேவை இல்லாவிட்டாலும் வெட்டிச் சிறிதாக்கவில்லை. நீளமும் வளைவும் ஒன்றாக இருந்தால்தான் உராய்வும் ஒன்றாக இருக்கும்.

பழைய ஓட்டைகளைத் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வைத்து, எஃகு ரிவெட் அடித்து, தீ தாங்கும் சீலன்ட் பூசி மூடினேன். என் ஃபயர்வால் 0.38 மில்லிமீட்டர் தடிமன் உள்ள துருப்பிடிக்காத எஃகு. அத்தனை மெல்லிய தகடு 1100 டிகிரி செல்சியஸ் அளவுத் தீயைப் பதினைந்து நிமிடம் தடுத்து நிற்க வேண்டும் என்பதுதான் அதற்கு வைத்த கணக்கு. அலுமினியம் 660 டிகிரியிலேயே உருகிவிடும். அப்படிப்பட்ட சுவரில் கேபிளுக்கு ஓட்டை போட்டு ஓட்டையின் விளிம்பை மூடும் ரப்பர் வளையமான குரோமெட்டை மட்டும் மாட்டினால், தீப்பிடித்த முதல் நிமிடத்திலேயே ரப்பர் போய்விடும், தீ நம் காலடிக்கு வந்துவிடும். லேத் பட்டறையில் எஃகில் ஒரு குண்டு கடைந்து, நடுவில் கேபிளுக்கு ஓட்டை போட்டு, அதை இரண்டு எஃகு வளையங்களுக்கு நடுவே பிடிக்கும்படி செய்துகொண்டேன். கேபிள் வருகிற கோணத்துக்கு ஏற்ப குண்டு திரும்பிக்கொள்ளும். ஓட்டையின் விளிம்பில் கேபிள் உரசாது. கடைசல்காரர் இரண்டு குண்டையும் ஒரு மதியத்தில் முடித்துக் கொடுத்தார். கடையில் ஆயத்தமாகவும் கிடைக்கிறது. எப்படியோ, எஃகாக இருக்க வேண்டும்.

இரண்டாவது முறை ஓட்டிப் பார்த்தேன். ஊருக்கு வெளியே நெல் காயப்போடும் சிமெண்ட் களம் ஒன்றில் வைத்துத்தான் ஓட்டுவது. செம்மண் தரையில் ஓட்டினால் புரொப்பல்லர் கல்லையும் புழுதியையும் உறிஞ்சித் தன்னையே அறுத்துக்கொள்ளும். முட்கள் ஏறும்போதும் இறங்கும்போதும் ஒன்றாக நின்றன. மனசு நிறைந்தது. 4000-ஐத் தாண்டினேன். மறுபடி நடுக்கம்.

இந்த முறை கார்புரேட்டரைக் கழற்றவில்லை. மெக்கானிக் தம்பியைக் கூட்டி வந்து காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் என்ஜினைச் சுற்றி வந்தார்.

"அண்ணே, பைக்குல ஹேண்டில்பாரைத் திருப்புறப்ப ஐடில் ஏறுச்சுன்னா நாங்க என்ன பார்ப்போம்? கேபிள் இழுபடுதான்னு பார்ப்போம். இதுல எது திரும்புது?"

"இதுல எதுவும் திரும்பலையே தம்பி."

"என்ஜின் ரப்பர் மேலதான உக்காந்திருக்கு? அது ஆடும்லண்ணே."

அதுதான். நான் புதிய வழியில் கேபிளை விட்டபோது, கார்புரேட்டருக்கு ஒரு சாண் முன்பாக, என்ஜினைத் தாங்கும் சட்டமான என்ஜின் மவுண்டின் பைப்பில் கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்தேன். மவுண்ட் விமானத்தோடு சேர்ந்தது, ஆடாது. கார்புரேட்டர் என்ஜினோடு சேர்ந்தது, ரப்பரில் ஆடும். புரொப்பல்லர் ஒரு பக்கம் சுழல, என்ஜின் எதிர்ப்பக்கம் முறுக்கிக்கொள்ளும். வேகம் கூடக்கூட முறுக்கும் கூடும். அப்போது ஒரு பக்கக் கார்புரேட்டர் கொஞ்சம் மேலே போகும், மறுபக்கத்தது கொஞ்சம் கீழே போகும். மேலே போன பக்கத்தில் ஸ்லீவ் இழுபட்டு அட்ஜஸ்டரை விட்டு லேசாக எழும்புகிறது. உள்ளே இருக்கும் ஒயர் லீவரை மூடும் பக்கம் இழுக்கிறது. கீழே போன பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐடிலில் முறுக்கு இல்லாததால் எல்லாம் சரியாக இருந்தது.

என்ஜின் ஆடினாலும் விமானத்தின் உடம்பு ஆடினாலும் கார்புரேட்டரின் இயக்கம் பாதிக்காதபடி கேபிளை விட வேண்டும், இல்லாவிட்டால் ஐடிலும் சமநிலையும் பொய்யாகும் என்று ரோட்டாக்ஸின் கையேட்டில் எச்சரிக்கையாகவே போட்டிருக்கிறது. அதைப் படித்திருக்கிறேன். கேபிள் ஆடாமல் இறுக்கிக் கட்டச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். அவர்கள் சொல்வது வேறு. ஆடுகிற பகுதிக்கும் ஆடாத பகுதிக்கும் நடுவே கேபிள் தளர்வாகத் தொங்கி, அந்த ஆட்டத்தைத் தானே வாங்கிக்கொள்ள வேண்டும். கிளாம்பை எடுத்துவிட்டு, ஃபயர்வாலை ஒட்டி ஒன்றும், என்ஜினிலேயே ஒரு பிராக்கெட் அடித்து அதில் ஒன்றுமாகப் போட்டேன். நடுவே ஒன்றரைச் சாண் தூரம் லேசான ஒரு வளைவோடு சும்மா விட்டேன்.

இதற்கும் என்ஜின் ஓட வேண்டியதில்லை. இக்னிஷனை அணைத்து, பிளக் தொப்பிகளைக் கழற்றிவிட்டு, இரண்டு பேர் புரொப்பல்லர் ஹப்பைப் பிடித்து என்ஜினை மேலும் கீழும், இடதும் வலதும் அழுத்த வேண்டும். மூன்றாவது ஆள் கார்புரேட்டர் லீவரைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். லீவர் இம்மிகூட அசையக் கூடாது. நான் டயல் கேஜ் வைத்துப் பார்த்தேன், அது இல்லாவிட்டாலும் கண்ணுக்கே தெரியும். என்ஜின் மிக அதிகமாக ஆடுவது ஓடும்போது அல்ல, ஸ்டார்ட் ஆகும்போதும் நிற்கும்போதும்தான். அதனால் ஓடும்போது சரியாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு செய்துவிட வேண்டாம்.

இந்த இரண்டாவது முறை பிரித்தபோது என்ஜின் மவுண்ட் பைப்பில் நைலான் டை கட்டியிருந்த இடங்களையும் பார்த்தேன். டைக்கு அடியில் செம்மண் புழுதி புகுந்து, உப்புத்தாள் போலத் தேய்த்து, பெயின்ட் போய் இரும்பு தெரிந்தது. சில மணி நேரம்தான் ஓடியிருக்கிறது. வருடக்கணக்கில் விட்டால் பைப்பையே அறுத்துவிடும். அந்த டைகளை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டு ரப்பர் மெத்தை வைத்த கிளாம்ப் போட்டேன். கிளாம்பும் சரியான அளவில் இருக்க வேண்டும். சின்னதை வைத்து இறுக்கினால் ஸ்லீவ் நசுங்கி உள்ளே ஒயரைப் பிடித்துக்கொள்ளும். தேய்ந்த மவுண்டைக் கழற்றி மறுபடி பவுடர் கோட்டிங் கொடுத்தேன்.

மூன்றாவது முறை பிடுங்க வைத்தது அந்தக் கோட்டிங்தான்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, ஒரு சனிக்கிழமை காலையில் ஸ்டார்ட்டரை அழுத்தினேன். சோம்பலாக அரைச் சுற்று சுற்றி நின்றது. பேட்டரி இறங்கியிருக்கும் என்று நினைத்து மறுபடி அழுத்தினேன். பிளாஸ்டிக் கருகும் வாடை வந்தது. பேனலுக்குப் பின்னாலிருந்து மெல்லிய புகை வந்தது. மாஸ்டர் சுவிட்சை அணைத்துவிட்டு வெளியே குதித்தேன். சோக் கேபிளைத் தொட்டால் கை சுட்டது. த்ராட்டில் லீவர் பாதியில் நின்றுவிட்டது. தள்ளினாலும் வரவில்லை, இழுத்தாலும் வரவில்லை.

என்ஜின் ரப்பரில் உட்கார்ந்திருக்கிறது. ரப்பரில் கரண்ட் போகாது. பேட்டரியிலிருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் கரண்ட் திரும்பி வர எர்த் ஒயர் ஒன்றுதான் வழி. அதன் முனையில் இருக்கும் உலோக வளையமான லக்கை நான் புதிய பவுடர் கோட்டிங்கின் மேலேயே வைத்து முடுக்கியிருந்தேன். அந்த வழி அடைபட்டதும், கரண்ட் என்ஜினிலிருந்து விமானத்துக்கு வர வேறு எந்த உலோகம் இருக்கிறது என்று பார்த்தது. த்ராட்டில் கேபிள், சோக் கேபிள், எரிபொருள் ஹோஸின் எஃகுப் பின்னல், இவைதான் இருந்தன. ஒரு ஹெட்லைட் பல்பு எடுப்பதைப்போலப் பத்து மடங்குக்கும் மேலான கரண்டை ஸ்டார்ட்டர் இழுக்கும். அது மெல்லிய ஒயருக்குள் பாய்ந்தால் உள்ளே இருக்கும் லைனிங் உருகி, ஒயரைப் பிடித்துக்கொள்ளும். அந்த ஹோஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. ஹோஸுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஆனாலும் மாற்றிவிட்டேன்.

இதில் ஏமாற்றுகிற விஷயம் ஒன்று உண்டு. மாட்டி முடித்ததும் மல்ட்டிமீட்டரில் தடையைப் பார்த்தேன், சைபர் காட்டியது. போல்ட் மரை எங்கோ ஓர் ஓரத்தில் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால் மீட்டருக்கு அது போதும், ஸ்டார்ட்டருக்குப் போதாது. சரியான சோதனை வேறு. இக்னிஷனை அணைத்துவிட்டு, மீட்டரை வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை என்ஜின் உடம்பிலும் மறுமுனையைப் பேட்டரி நெகட்டிவிலும் வைத்துக்கொண்டு, ஒருவர் ஸ்டார்ட்டரை அழுத்த வேண்டும். சுழலும்போது அங்கே என்ன வோல்ட் காட்டுகிறது என்பதுதான் கணக்கு. 0.2-ஐத் தாண்டக் கூடாது என்று நான் வைத்திருக்கிறேன். பெயின்டைச் சுரண்டி, தகரம் பூசிய செம்புப் பின்னல் பட்டை போட்டு, எர்த்தை நேராக என்ஜின் உடம்பிலிருந்தே எடுத்த பிறகு 0.1 காட்டியது. இரண்டாவதாக இன்னொரு பட்டையும் போட்டிருக்கிறேன். கேபிளைப் பற்றிய கட்டுரையில் எர்த்தைப் பற்றி இவ்வளவு நீளமாக எழுதுவதற்குக் காரணம், கேபிள் எரிகிறவரை இரண்டும் சம்பந்தப்பட்டவை என்று எனக்கே தோன்றவில்லை.

நான்கு கேபிளும் புதிதாக வாங்க வேண்டியதாயிற்று. சோக்குக்கும் இரண்டு கேபிள். அதில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: மூடிய நிலையில் இரண்டு பக்கமும் ஒயர் கொஞ்சம் தளர்வாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் ஒரு பக்கம் சோக் லேசாகத் திறந்தே கிடக்கும், அந்தப் பக்க பிளக் கரி பிடிக்கும்.

முனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். கேபிள் அறுவது பெரும்பாலும் நடுவில் அல்ல, முனையில்தான். லீவரில் ஒயரைப் பிடிக்கும் உருளை, லீவர் திரும்பத் திரும்பத் தானும் திரும்ப வேண்டும். அது துருப்பிடித்தோ இறுகியோ திரும்பாமல் நின்றால், ஒயர் அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் மடங்கி மடங்கி நிமிரும், இழை இழையாக விட்டுப்போகும். இழுத்ததால் அறுந்தது என்போம், மடங்கியதால் அறுந்திருக்கும். கார்புரேட்டர் பக்கம் ஒயரைப் பிடிக்கும் ஸ்குரூவையும் வெறி பிடித்ததுபோல் இறுக்கினால் அதுவே இழைகளை வெட்டிவிடும். ஒயரை வெட்டும் முன் வெட்டும் இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் முனை பிரிந்து துடைப்பம் மாதிரி ஆகி ஓட்டையில் நுழையாது. சாதாரண ஈயப் பற்று துருப்பிடிக்காத எஃகு ஒயரில் பிடிக்காது, அதற்கான ஃபிளக்ஸ் வேண்டும்.

லீவரின் எல்லைகளையும் பார்க்க வேண்டும். ஐடிலிலும் சரி, முழுத் திறப்பிலும் சரி, கார்புரேட்டரில் இருக்கும் ஸ்டாப்தான் முதலில் முட்ட வேண்டும். அதற்கு ஒரு மயிரிழை பின்னால் கேபினில் இருக்கும் ஸ்டாப் முட்டி, கையின் பலத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். கேபின் ஸ்டாப் முன்னதாக முட்டினால் முழு சக்தி கிடைக்காது. அது இல்லவே இல்லாவிட்டால் அவசரத்தில் நாம் இழுக்கும் பலமெல்லாம் மெல்லிய ஒயரிலும் கார்புரேட்டரின் சின்ன லீவரிலும் போய் விழும்.

எண்ணெய் விஷயத்தில் மெக்கானிக் தம்பிக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். பைக் கேபிளுக்கு அவர் எண்ணெய் விட்டே பழக்கம். "எண்ணெய் விடாம எப்புடிண்ணே?" என்றார். இந்தக் கேபிளுக்குள் டெஃப்லான் லைனிங் இருக்கிறது, எண்ணெய் தேவையில்லை. விட்டால் எங்கள் ஊர்ச் செம்மண் புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகிவிடும். அவர் நம்பவில்லை. பழைய கேபிள் ஒன்றில் எண்ணெய் விட்டு, ஒரு மாதம் களத்தின் ஓரத்தில் தொங்கவிட்டு, மறுபடி படிக்கல் கட்டி இழுத்துப் பார்த்தோம். அதன் பிறகு என்னிடம் எண்ணெய் டப்பாவை எடுத்து வருவதில்லை. லைனிங் இல்லாத பழைய மாதிரி கேபிளாக இருந்தால் அவர் சொல்வதுதான் சரி. எது உங்களிடம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். முனைகளில் ரப்பர் தொப்பி மட்டும் இரண்டுக்கும் வேண்டும்.

இப்போது தரையில் பதினொரு மணி நேரம் ஓடியிருக்கிறது. அனுமதிக்கான தாள்களும் ஆய்வும் பாக்கி இருக்கின்றன, விமானம் இன்னும் பறக்கவில்லை. ஒவ்வொரு நட்டிலும் சிவப்புப் பெயின்டால் ஒரு கோடு இழுத்து வைத்திருக்கிறேன், நட்டு நகர்ந்தால் கோடு உடைந்து காட்டிவிடும். ஸ்டார்ட் செய்யும் முன் ஒவ்வொரு முறையும் இக்னிஷன் அணைந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஹப்பைப் பிடித்து ஆட்டிப் பார்க்கிறோம், லீவரைக் கடைசி வரை தள்ளி, கடைசி வரை இழுத்து, இரண்டு கார்புரேட்டரிலும் ஸ்டாப் முட்டுகிறதா என்று ஒருவர் குனிந்து பார்க்கிறார். போன வாரம் அப்படிப் பார்த்தபோது இடது பக்க உருளை லேசாகக் கடினமாகத் திரும்பியது. கழற்றிப் பார்த்தால் ஓட்டைக்குள் பொடிப்பொடியாகச் செம்மண். ரப்பர் தொப்பி ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. சுத்தம் செய்து வைத்திருக்கிறேன். புதுத் தொப்பி வரும்வரை என்ஜினை ஓட்டப்போவதில்லை.